பின்னிருக்கையில் ஓர் அமானத்



சென்ற ஆண்டு பழைய டாமினார் 400 ஒன்றை வாங்கினேன். மேலகரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அங்கே படிக்கும் மகளைக் காண மாதம் ஒருமுறை நானும் மனைவியும் செல்வது வழக்கம். அதற்காகவே உயரமான முன்கண்ணாடி, கைக்காப்பு, கைபேசி தாங்கி என ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். அனைத்தும் ஓட்டுபவனின் வசதிக்கே என்பது அப்போது உறைக்கவில்லை.

முதற்பயணத்தில் ராஜபாளையத்தில் இறங்கியபோது, மனைவி அமராமல் நின்றபடியே தேநீர் அருந்தினார். காரணம் கேட்டேன். "கடையநல்லூரிலிருந்தே முதுகு வலிக்கிறது. உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை" என்றார்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் காட்டினேன். பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங், ஒருவர் மட்டும் செல்வதற்கான நிலையிலேயே இருந்தது. இருவர் அமர்ந்தால் அதை இறுக்க வேண்டுமாம். டயரின் பக்கவாட்டில் 1417 என்று பொறித்திருந்தது. அதாவது, 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் இறுகிக் கிடந்தது. நானோ கண்ணாடிக்குச் செலவழித்துக்கொண்டிருந்தேன்!

ஸ்பிரிங்கை இறுக்கச் சில நிமிடங்களே ஆயின. டயர்களை மாற்றி, பின்னிருக்கைக்குச் சாய்மானமும் வைத்தேன். அடுத்த முறை ராஜபாளையத்தில் அவர் அமர்ந்தே தேநீர் அருந்தினார்.

வாகனத்தை வசப்படுத்தித் தந்த இறைவனைப் போற்றிப் பயண துஆ ஓதுகிறோம். அதே நாவு, பின்னால் இருப்பவரிடம் "வசதியாக இருக்கிறதா?" என்று கேட்கவும் வேண்டுமல்லவா? வண்டி நம் உடைமை. நம்மை நம்பி ஏறியவரோ அமானத்.

அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்குவானாக. ஆமீன்.