நாம் மிதித்து நடக்கும் கல்

மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குவோர் பல்லாயிரவர். அவர்களுள் தலை நிமிர்ந்து அதன் கோபுரத்தைக் காண்போர் சிலர்; தலை குனிந்து அதன் தரையைக் காண்போர் அவரினும் சிலர். இரயில்வே எழுத்தர் உத்தியோகத்தில் அங்கு வந்து போகும் நாமும் பல்லாண்டுகள் இரண்டையும் காணாதோர் கூட்டத்தில்தான் இருந்தோம். சென்ற ஆண்டு நமது இல்லத்துத் தரைக்கு மெருகேற்ற வேண்டிய அவசியம் நேர்ந்தது. அதன் பிறகே நமது பார்வை கீழே சென்றது.

அந்நிலையம் கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வேக்காக எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்னும் சிற்பியால் 1878-இல் தொடங்கப் பெற்றுப் பத்தாண்டுக் காலத்தில் எழுந்தது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அதன் வடபுறத்துக் கீழ்த்தளத்தில் பயணச்சீட்டு வழங்கும் கூடம் ஒன்று உண்டு. விண்மீன்கள் பொறித்த கூரையுடைய அக்கூடத்திற்கு இத்தாலியச் சலவைக்கல்லும் மெருகேற்றிய இந்திய நீலக்கல்லும் அழகு செய்கின்றன. டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும் அன்பர்கள் அடுத்த முறை பத்து நிமிடம் தாமதமானால் கோபியாமல் சுற்றுமுற்றும் பார்த்துக் கொள்ளலாம். எழுத்தர்கள் மீது வரும் வசவும் சற்றுக் குறையும்!

நிற்க. நமது இல்லம் மாடுங்காவில் உள்ளது. 1896-இல் வந்த கொள்ளைநோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்க வேண்டி, நகர அபிவிருத்தி டிரஸ்டு வகுத்த தாதர்-மாடுங்கா திட்டத்தில் உண்டான பகுதி அது. நமது பாட்டனார் மாடுங்கா இரயில்வே பட்டறையில் பணிபுரிந்த காலத்தில், பகடி முறையில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள் இன்றும் நமக்கு நிழல் தருகின்றன. அக்காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் மொசைக் தரையோ, சிமெண்டில் வார்த்த பூவோடோதான் இருக்கும். அத்தகைய ஓடுகளைச் சுதேசிச் சரக்காகவே செய்ய வேண்டுமென்று 1922-இல் பம்பாயில் தொடங்கப் பெற்றது பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனம். நமது கூடத்தில் இருப்பது மொசைக். வெண்மையும் இளஞ்சிவப்புமான சலவைக்கல் சில்லுகள், சுற்றிலும் கறுப்புக் கரை. நடுவே உள்ள எட்டிதழ்ப் பூவின் மேல்தான் நமது அன்னையார் மணையைப் போடுவார்.

அந்தத் தரைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கேடு விளைந்தது. தீபாவளிக்கு முன் துப்புரவு செய்வதாக வந்த ஒருவர், அழுக்குப் போகட்டும் என்று குளியலறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கூடத்திலும் ஊற்றித் தேய்த்துவிட்டார். சுர்ரென்று நுரை பொங்கிற்று. அழுக்குப் போனது மெய். கூடவே அறுபது எழுபது ஆண்டு மெருகும் போயிற்று. சலவைக்கல் என்பது சுண்ணாம்புச் சத்து. அமிலம் பட்ட மாத்திரத்தில் அது கரைந்து வாயுவாக நுரைக்கும். இதற்குக் கடுமையான ஆசிட்டுத்தான் வேண்டும் என்பதில்லை. எலுமிச்சைச் சாறும், புளிக் கரைசலும், மோரும், நம் வீடுகளில் நாள்தோறும் சிந்துகிற ரசமும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். கோட்டாக் கல்லும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு இனமே ஆதலின் அவற்றிற்கும் இது பொருந்தும். சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடைத்து விடுவதன்றி வேறு மருந்தில்லை.

சென்ற ஆண்டு நமது தங்கைக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. கட்டடமோ இடித்துப் புதிதாகக் கட்டுவதற்குக் கையெழுத்தாகிக் கொண்டிருந்தது. இரண்டு ஆண்டில் இடிபடப் போகும் தரைக்கு யாரேனும் பணம் செலவழிப்பார்களா என்று அண்டை வீட்டார் நகைத்தனர். நமது எண்ணமும் அதுவே. அன்னையார் மட்டும், “நலங்கு இந்தத் தரையில்தான், அது வெளுத்துப் போய்க் கிடக்க மாட்டாது” என்று ஒரே சொல்லில் முடித்து விட்டார்கள்.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இத்தொழிலில் வல்லவர் என்று கேள்வியுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றோம். ஏணி வைத்து ஏறும் மாடி அறை. கீழே வாசலில் சாக்கு போர்த்திய இயந்திரம். “லாதி கிஸாயியா?” என்று மும்பை மொழியில் கேட்டவர், நாம் தமிழில் பேசியதும், “வாங்க தம்பி, உக்காருங்க” என்றார். நாமும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கலானோம்.

அவர் வேலை செய்த மூன்று நாட்களும் நாம் விடுப்பெடுத்து உடனிருந்தோம். மெருகு என்பது மேலே பூசும் ஒன்று என எண்ணியிருந்த நமது அறியாமை முதல் நாளிலேயே நீங்கியது. பூசுவது அன்று, தேய்ப்பதே மெருகு. இயந்திரத்தின் அடியில் கார்போரண்டம் கற்களை மாட்டித் தரையில் தண்ணீர் விட்டு ஓட்டுகிறார்கள். கல்லுக்கு நம்பர் உண்டு; நம்பர் ஏற ஏறக் கல் நயமாகும். 60-ஆம் நம்பர் தரையின் மேடு பள்ளத்தை அரைக்கிறது. அரைத்ததும் தெரியும் சிறு துளைகளில், தரையின் நிறத்திற்கு ஏற்பக் கலந்த சிமெண்டுப் பாலைத் தேய்த்து உலர விடுகிறார்கள். பின்பு 120, அதன் கீறலை அழிக்க 320, அதற்கு மேலும் நயமானவை. ஒவ்வொரு கல்லும் முந்திய கல்லின் கீறலை மாற்றித் தான் அதனினும் நுண்ணிய கீறலை இடுகிறது. அக்கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்த போது ஒளி சிதறாமல் திரும்புகிறது. ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால், வெயில் சாய்ந்து விழும் மாலை வேளையில் வட்ட வட்டமாகக் குற்றம் தெரியுமாம். அவசரத்தில் செய்யப்பட்ட புதுக் கட்டடத் தளங்கள் சிலவற்றை அவர் பின்னர் நமக்குச் சுட்டிக் காட்டினார்.

இறுதியில் ஆக்ஸாலிக் அமிலப் பொடியைத் தூவி ஈரத்தோடு தேய்க்கிறார்கள். அமிலம் ஆகாது என்று மேலே எழுதிவிட்டு இதை எழுதுகிறோமே எனில், காரணம் உண்டு. ஆசிட்டு கல்லைக் கரைத்துக் கொண்டு போகும். ஆக்ஸாலிக் கல்லோடு கூடிக் கரையாத மெல்லிய படலமாக அங்கேயே நிற்கும். கருணைக்கிழங்கு தொண்டையை அரிப்பது இதே இனத்துப் பொருளால்தான். கையில் பட்டால் புண்ணாக்கும் நஞ்சு ஆதலின் குழந்தைகளை அருகில் விடலாகாது. அரைத்து வரும் பால் போன்ற சேற்றைக் கழிவுக் குழாயில் ஊற்றினால் உள்ளே இறுகிப் போகும். அண்ணாச்சி அதை வாளியில் அள்ளிச் சென்றார்.

அரைப்பே வேண்டாத தரையும் நம் நாட்டில் உண்டு. காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் ஓட்டை வார்ப்பதால், கண்ணாடியின் வழவழப்பே ஓட்டிற்கு வந்து விடுகிறது. பின்பு நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். இதைச் சொன்ன போது அண்ணாச்சி சிரித்து, “அப்ப எனக்கு அங்க வேலை இல்லன்னு சொல்லுங்க” என்றார். சிரிப்போடு இருமலும் வந்து, நெடுநேரம் நிற்கவில்லை.

அப்பொழுதுதான் கேட்டோம். மொசைக் வேலை தண்ணீரோடு செய்வது, தூசு குறைவு. அவர் இளமையில் பதினைந்து ஆண்டுகள் செம்பூர்ப் பக்கத்து வீடுகளில் சமையல் மேடைக்குக் கிரானைட்டு அறுத்திருக்கிறார்; கையில் பிடிக்கும் இயந்திரத்தால், தண்ணீரின்றி, வாயில் ஒரு துண்டைக் கட்டிக் கொண்டு. கிரானைட்டில் கால் பங்கோ அதற்கு மேலோ படிகச் சிலிக்கா. அதன் நுண்துகள் நுரையீரலில் தங்கினால் வெளிவருவதில்லை. ஆண்டுகள் கழித்துச் சிலிக்கோசிஸ் என்னும் நோயாகிறது. அதைக் குணமாக்கும் மருந்து இன்றளவும் இல்லை. க்ஷயமும் அதன் மேல் எளிதில் பற்றும். துண்டுத் துணி அத்துகளைத் தடுப்பதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்றது. ஆயினும் நம் வீட்டுச் சமையலறை தொழிற்சாலை அன்றே! இராஜஸ்தான அரசு 2019-இல் இந்நோயாளருக்கென ஒரு கொள்கையே வகுத்தது. ஆஸ்திரேலியா, கிரானைட்டினும் சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல் பலகையை 2024 ஜூலை முதல் தடை செய்து விட்டது. இங்கே, தண்ணீர் விட்டு அறுத்தால் சுவர் நனையும் என்று தடுப்பவர்கள் வீட்டுக்காரர்களாகிய நாம்தாம். நமது செம்பூர் உறவினர் வீட்டு மேடை அறுபட்ட அன்று, கதவைச் சாத்தி நாமே வெளியில் அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. உள்ளே இருந்தவர் யாரென்று அன்று பார்த்தோமில்லை.

மூன்றாம் நாள் மாலை தரை உலர்ந்தது. கறுப்புக் கரை கண்ணாடி போலாயிற்று. எட்டிதழ்ப் பூவின் இளஞ்சிவப்பு நாம் சிறுவராக இருந்த போது கண்டதே. ஆசிட்டு ஆழமாகத் தின்ற இரண்டு இடங்கள் மட்டும் சற்றே மங்கி நின்றன. அதற்கு மேல் அரைத்தால் சில்லு பெயரும் என்று அண்ணாச்சி விட்டு விட்டார். நலங்கு அங்கேயே நடந்தது. அன்னையார் அவருக்கு வேட்டியும் வெற்றிலைபாக்கும் வைத்துக் கொடுத்தார்கள்.

கட்டடத்தைக் காலி செய்வதற்குத் தேதி இன்னும் குறிக்கப்படவில்லை. அண்ணாச்சியைச் சென்ற வாரம் தாராவியில் கண்டோம். மாடியறையின் ஏணியில் நான்கு படி ஏறி நின்று மூச்சு வாங்கினார். மார்புப் படம் எடுத்ததுண்டா என்றோம். “எடுத்தா என்னத்தச் சொல்லப் போறாங்க, தம்பி” என்றார். வரும் சனிக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறோம்; சயான் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. முன்பு கிரானைட்டு அறுத்த வீடுகளையும் ஆண்டுகளையும் அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி வைத்துள்ளோம். வைத்தியர் அதைத்தான் முதலில் கேட்பார்.