ஆக்சுவரி வேலை: சம்பளம் எதற்காக?

கணக்கில் கெட்டிக்காரரான மாணவருக்கு யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "ஆக்சுவரி படி. ஆள் குறைவு, சம்பளம் அதிகம்." இரண்டும் உண்மைதான். ஆனால் ஆள் ஏன் குறைவு, சம்பளம் ஏன் அதிகம் என்பதை யாரும் விளக்குவதில்லை.

முதலில் அது என்ன வேலை என்று பார்ப்போம். கடைக்காரர் ஒரு பொருளை விற்கும்போதே அதன் அடக்க விலை அவருக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது. இன்று விற்ற பாலிசிக்கு எவ்வளவு பணம் கொடுக்க நேரும் என்பது சில சமயம் முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் தெரியவரும். அதை இன்றே கணித்து, பிரீமியம் எவ்வளவு வாங்குவது, எவ்வளவு பணத்தை ஒதுக்கி வைப்பது என்று சொல்பவர்தான் ஆக்சுவரி.

சம்பளத்துக்கு அமெரிக்காவை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி, ஆக்சுவரிகளைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு ஆண்டுக்கு 1,20,000 டாலர். எல்லா வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் நிற்பவருக்கு 48,060 டாலர்தான். ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 2023 முதல் 2033 வரை இந்த வேலை 22 சதவீதம் வளரும் என்றும் அதே துறை கணித்தது.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். 2023ல் அமெரிக்கா முழுவதும் இருந்த ஆக்சுவரி வேலைகள் சுமார் 30,200. அதில் 22 சதவீதம் என்றால் பத்து ஆண்டுகளில் கூடுவது 6,600 போலத்தான். ஓய்வு பெறுவோர், வேறு வேலைக்குப் போவோர் விட்டுச் செல்லும் இடங்களைச் சேர்த்தாலும் ஆண்டுக்கு இரண்டாயிரம் சொச்சம் இடங்களே. அதே கணிப்பில் நர்ஸ் வேலையின் வளர்ச்சி 6 சதவீதம்தான். ஆனால் அதில் ஆண்டுக்கு 1,90,000க்கும் மேல் இடங்கள்! ஒரு சதவீதத்தைப் பார்த்தவுடன் அது எதன் சதவீதம் என்று கேட்பது ஆக்சுவரி ஆக விரும்புகிறவர் கற்க வேண்டிய முதல் பாடம்.

அடுத்தது தேர்வுகள். ஆயுள், மருத்துவம், பென்ஷன் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் நடத்தும் தேர்வுகளை எழுதுகிறார்கள். கார், வீடு போன்ற இன்சூரன்ஸுக்குக் கேஷுவால்டி ஆக்சுவரியல் சொசைட்டி. ஆரம்பத் தேர்வுகளில் ஒன்றான நிகழ்தகவுத் தேர்வு மூன்று மணி நேரம், 30 கேள்விகள். எழுதுவோரில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் தேறுகிறார்கள். ஒரு மணி நேரத் தேர்வுக்கு நூறு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது மாணவர்களிடையே வழங்கும் கணக்கு. கம்பெனிகள் தேர்வுக் கட்டணம் கட்டுகின்றன, படிக்க நேரம் தருகின்றன, தேறத் தேறச் சம்பளமும் உயர்த்துகின்றன. என்றாலும் அசோசியேட் ஆகவே 4 முதல் 7 ஆண்டு, ஃபெல்லோ ஆக அதற்கு மேலும் 2, 3 ஆண்டு ஆகிவிடும். இருபதுகளின் பெரும்பாலான வார இறுதிகள் இதற்கே சரியாக இருக்கும்.

சரி, இவ்வளவு செலவழித்து ஒரு கம்பெனி இவர்களை ஏன் வளர்க்கிறது? கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நீண்டகாலப் பராமரிப்பு இன்சூரன்ஸ் நல்ல சாட்சி. முதுமையில் தானே குளிக்க, உடுத்த முடியாமல் போனால் கவனிப்புச் செலவைத் தரும் பாலிசி இது. 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் நிறைய விற்றது. பலர் பாதியில் பாலிசியைக் கைவிட்டுவிடுவார்கள் என்று எண்ணி விலை வைத்தார்கள். கைவிட்டவர்கள் மிகச் சிலரே. மக்கள் நீண்ட காலம் வாழ்ந்தார்கள், வட்டி விகிதமோ இறங்கியது. பென் ட்ரீட்டி என்ற கம்பெனியை 2017ல் நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் 2018 ஜனவரியில் இந்தப் பழைய பாலிசிகளுக்காக 620 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது. இருபது வருடம் ஒழுங்காகப் பணம் கட்டிய முதியவர்கள் பலர், கூடிய பிரீமியத்தைக் கட்டுவதா, பலனைக் குறைத்துக்கொள்வதா என்று எழுபது, எண்பது வயதில் முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

ஒதுக்கி வைத்த பணம் போதுமா என்று அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கோடு ஆக்சுவரி ஒருவர் கையெழுத்திட்டுக் கருத்துத் தர வேண்டும். அந்தக் கையெழுத்துக்குத்தான் பெரிய சம்பளம். விற்பனைப் பிரிவு குறைந்த விலை கேட்கும்போது "இந்த விலை கட்டாது" என்று சொல்லத் தெரிய வேண்டும். அதைக் கணக்குத் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லத் தெரிய வேண்டும்.

சம்பளத்தை மட்டும் பார்த்து வருகிறவர் மூன்றாவது, நான்காவது தேர்விலேயே சலித்துப் போகக்கூடும். யோசிக்கிற மாணவர் முதல் தேர்வுக்கு முந்நூறு மணி நேரம் படித்துப் பார்க்கலாம். அதன் பிறகும் அடுத்த புத்தகத்தைப் பிரிக்கத் தோன்றினால், தாராளமாக இந்த வேலைக்குப் போகலாம்.