விழுந்தது நான்தான் சார்!

'தாத்தா, மரியோ சினிமாவா வந்திருக்கு, போலாம்' என்று 2023-ல் பேரன் பிடுங்கி எடுத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், 1993-ல் வந்த பழைய மரியோ படம். அதை அவன் அப்பாவோடு கேசட்டில் பார்த்தவன் நான். பாப் ஹாஸ்கின்ஸ் என்கிற அருமையான நடிகரை பிளம்பராக்கி, டைனோசர் வம்சத்து ஆசாமிகள் திரியும் இருட்டு ஊரில் அலையவிட்டிருந்தார்கள். விளையாட்டில் மிதித்த ஆமைகளைப் படத்தில் தேடித் தேடி, பையன் பாதியிலேயே தூங்கிப்போனான். ஹாஸ்கின்ஸே 2007-ல் ஒரு பேட்டியில், தான் செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான் என்று ஒப்புக்கொண்டார், பாவம்.

வீடியோ கேமில் கதை கிடக்கிறது, கழுதை. இளவரசியைத் தூக்கிட்டுப் போயிட்டான், மீட்கணும், அவ்வளவுதான். ஆனால் பள்ளத்தில் விழுவது மரியோ இல்லை சார், நான்! நாற்பது தடவை செத்து, நாற்பத்தோராவது தடவை தாண்டினால் வருமே ஒரு சந்தோஷம், அதை தியேட்டரில் யார் தருவார்கள்? அங்கே ஹீரோ முதல் தாவலிலேயே அந்தப் பக்கம் போய்விடுகிறாரே!

புதுப் படத்துக்கு அரை மனசாகத்தான் போனேன், மகனையும் இழுத்துக்கொண்டு. அதில் தூக்கிப்போவது தம்பி லூயிஜியை. இளவரசியோ மரியோவுக்கு வாத்தியார். அவள் வைக்கும் பயிற்சியில் மரியோ தாவுகிறான், விழுகிறான். மறுபடி தாவல், மறுபடி விழுகை. அட, நம்மாளு! உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் வசூல் என்றார்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். எனக்கு இது போதும்.

அந்த சீனில் திரும்பிப் பார்த்தேன். பாப்கார்ன் டப்பாவின் மேல் பேரனின் கட்டைவிரல்கள் பட்டன் அமுக்கிக்கொண்டிருந்தன. அவனுக்கு அந்தப் பக்கம், முப்பது வருஷம் முன்னே தூங்கிப்போனவனின் விரல்களும்.