தொப்பூர் இறக்கம்

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். வலது கண் ஏறக்குறையப் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர், பெங்களூரில் டாக்டரிடம் காட்டிவிட்டு என் காரில் சங்ககிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆட்டோமேட்டிக் காரில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. இடது காலுக்கு வேலை இல்லாத வண்டியை அவர் வண்டியாகவே மதிப்பதில்லை.

ஓசூர் தாண்டியதும் குரூஸ் கன்ட்ரோலை 80-ல் போட்டேன். "கால எடுத்துட்டேனுங்கப்பா. இனி அதுவே ஓட்டிக்கும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சூளகிரிக்கு அப்பால் சாலை ஏறி இறங்கத் தொடங்கியது. ஒரு மேட்டில் வேகம் 80-லிருந்து 76-க்கு வந்தது. அதன் பிறகுதான் வண்டிக்கு உறைத்தது. ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிப் பார்த்தது, போதவில்லை. ஒரு கியர் குறைத்தது, இன்ஜின் அலறியது. மேடு முடிகிற இடத்தில் 80-ஐத் தொட்டு நிம்மதியாக மேல் கியருக்குப் போனது. அதற்குள் அடுத்த மேடு. மறுபடியும் அதே அலறல்.

"இவன் ஏன் மேடு ஏறுனதுக்கப்புறம் கியர் கொறைக்கறான்?" என்றார் அப்பா. வண்டியைத்தான் 'இவன்' என்றார்.

நியாயமான கேள்வி. என் கார் மாதிரியான கார்களில் குரூஸ் கன்ட்ரோல் கவனிப்பது ஒன்றைத்தான்: நாம் வைத்த வேகத்துக்கும் ஓடுகிற வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். வித்தியாசம் விழுந்தால்தான் அதற்கு வேலை. கியர்பாக்ஸும் பெரும்பாலும் வேகத்தையும் ஆக்ஸிலரேட்டர் அளவையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறது. எதிரே மேடு நிற்பது இரண்டுக்கும் தெரியாது. சரிவை உணர்கிற, வரைபடம் பார்த்து முன்கூட்டியே கியர் மாற்றுகிற வண்டிகள் வந்துவிட்டன. என்னுடையது அந்த ரகம் இல்லை. பாரம் ஏற்றிய லாரியில் அப்பா மேட்டைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார். ஓட்டம் குறைவதற்குள் கியரைக் குறைத்துவிடுவார். ஏறத் தொடங்கியபின் கியர் தேடினால் லாரி நடுமேட்டில் நின்றுவிடும்.

"இதக் கண்டுபிடிச்சவருக்கும் கண்ணு தெரியாதுங்கப்பா" என்றேன்.

ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்க எஞ்சினியர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வை போனது. அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, தான் பேசினால் மெதுவாகவும் மற்றவர் பேசினால் வேகமாகவும் ஓட்டுவாராம். அந்த ஆட்டம் தாங்காமல்தான் டீட்டருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1950-ல் காப்புரிமை கிடைத்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்களில் முதலில் வந்தது.

அப்பா சிரித்தார். "ஓட்டறவனுக்கு ஆட்டம் தெரியாது கண்ணு. பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்குத்தான் தெரியும்."

தர்மபுரி கடந்து, பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் குரூஸை மறுபடி போட்டேன். போட்டிருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில், நான் சொல்லாமலே "தொப்பூர் வந்துருச்சா?" என்று கேட்டார். இன்ஜின் சத்தம் அடங்கியதை வைத்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். 80, 84, 89. இறக்கத்தில் என் காரின் குரூஸால் ஆக்ஸிலரேட்டரை மூட மட்டும்தான் முடியும், பிரேக் போடாது. மேல் கியரில் இன்ஜினும் வண்டியைப் பிடிக்காது. முன்னால் லாரிகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. பிரேக்கை மிதித்தேன், குரூஸ் விட்டுவிட்டது. ஆனால் காலை எடுத்தால் மறுபடி வேகம் ஏறியது. எந்த வண்டியிலிருந்தோ பிரேக் தீய்கிற வாசம் வந்தது.

"பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராத. கியரக் கொற."

லீவரை 'எம்' பக்கம் தள்ளி, ஒவ்வொன்றாகக் குறைத்து மூன்றுக்கு வந்தேன். இன்ஜின் உறுமியது. யாரோ பின்னால் கயிறு கட்டி இழுத்ததுபோல் வண்டி அடங்கியது.

"ஏர்றப்ப எந்தக் கியரோ எறங்கறப்பவும் அதே கியர். அவ்வளவுதான்."

இரட்டைப் பாலம் வரும்போது அவராகவே பேசினார். "நானே இங்க நியூட்ரல்ல விட்டிருக்கேன்."

தொப்பூரில் கவிழ்ந்த லாரிகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'நியூட்ரல்ல விட்டிருப்பான்' என்று திட்டுகிறவர் அவர்தான்.

"ஓனர் கணக்குப் பண்ணித்தான் டீசல் காசு குடுப்பாரு. மிச்சம் புடிச்சா நமக்கு. அந்த மிச்சத்துலதான் உன்ன இங்கிலீஷ் மீடியத்துல போட்டது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நியூட்ரலில் விட்ட லாரியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான். அது சூடேறிவிட்டால் அதுவும் இல்லை. எத்தனை தடவை என்று கேட்க வாய் வரவில்லை.

"இப்ப எவ்வளவு எரியுது?" என்று கேட்டார்.

மீட்டரைப் பார்த்தேன். "ஒண்ணுமில்லீங்கப்பா. சைபர் காட்டுது."

"நியூட்ரல்லயா விட்டிருக்க?"

"இல்லீங்க, மூணாவது கியர்லதான் இருக்குது. கியர்ல எறங்கறப்ப சக்கரமே இன்ஜினச் சுத்திடும், எண்ணெயே போகாது. நியூட்ரல்லதான் இன்ஜின் அணையாம இருக்கக் கொஞ்சம் எரியும்."

ஓமலூர் வரும்வரை அப்பா பேசவில்லை. அவருடைய பழைய லாரிக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா என்று கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குரூஸை மறுபடி போடவில்லை. சங்ககிரி வரும்வரை கால் ஆக்ஸிலரேட்டரிலேயே இருந்தது.