இரண்டரை கிராம்

அலுவலகத்தில் என் வங்காள நண்பர்கள் தங்களுக்குள் கால்பந்தைப் பற்றிப் பேசுவார்கள்; என்னைக் கண்டால் மட்டும், “ஊசி சௌக்கியமா?” என்று கேட்பார்கள். அவர்கள் கேலியில் குற்றமில்லை. நாற்பதைக் கடந்த மத்திய அரசுக் குமாஸ்தா ஒருவன், சம்பளப் பணத்தைக்கூட இசைத்தட்டு ஊசிக்குச் செலவிடுகிறான் என்றால், அவனை வேறெப்படி நலம் விசாரிப்பது?

ஊசி என்பது பேச்சு வழக்கு. நான் சேர்ப்பவை கார்ட்ரிட்ஜுகள்; அவற்றிலும் அசையும் காந்த வகை மட்டுமே. டர்ன்டேபிளின் கை நுனியில் பாதித் தீப்பெட்டியளவு பெட்டியொன்று இருக்கிறதே, அதுதான். அதன் அடியில் ஒரு வைர நுனி. அதைத் தாங்கும் மெல்லிய தண்டு. தண்டின் மறுமுனையில் கடுகினும் சிறிய காந்தம். தட்டின் பள்ளம் நெளியுமிடமெல்லாம் வைரம் நெளிகிறது; கூடவே காந்தமும் நெளிகிறது. பக்கத்தில் அசையாது நிற்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. எவ்வளவு? ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அதைப் பல நூறு மடங்கு பெருக்கினால்தான் ஒலிபெருக்கி வாய் திறக்கும்.

இதற்கு நேர்மாறாக, காந்தம் நிற்கச் சுருள் அசையும் வகையும் உண்டு. செல்வந்தர்கள் அதையே புகழ்வார்கள். அதன் மின்சாரம் இதில் பத்திலொரு பங்கு. நுனி தேய்ந்தால் பெரும்பாலும் முழுப் பெட்டியையுமே செப்பனிடவோ மாற்றவோ வேண்டும். அசையும் காந்தத்தில் அந்தத் துன்பமில்லை. தேய்ந்த ஊசியை விரலால் இழுத்தெடுத்துப் புதியதைச் செருகினால் தீர்ந்தது. சம்பளக்காரனுக்கு ஏற்ற ஏற்பாடு. ஆனால் நான் இதன் பின்னே அலையத் தொடங்கியதற்குக் காரணம் சிக்கனமன்று.

எங்கள் தகப்பனார் தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து உத்தியோக மாற்றலில் கல்கத்தா வந்தவர். லேக் மார்க்கெட் பக்கம், ராஷ்பிஹாரி அவென்யூவைப் பார்த்தாற்போல் மாடிக் குடியிருப்பு. கோயில் வாசலில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவருக்கு இங்கே டிராம் வண்டியின் மணியோசைதான் வாய்த்தது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, பெட்டி போல மூடித் தூக்கிச் செல்லும் பிளேயர் ஒன்றும், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகஸ்வரத் தட்டு ஒன்றும் வாங்கினார். 1928 முதல் இயங்கிய டம்டம் ஆலையில்தான் ஹெச்.எம்.வி.யின் தமிழ்நாட்டுத் தட்டுகளும் அச்சாயின. “நம்மைப் போலத்தான். தெற்கே பிறந்து, இங்கே வந்து ஆபீஸ் முத்திரை குத்திக்கொள்கிறது” என்பார்.

டிராம் போகும்போதெல்லாம் மாடித் தரை அதிரும், ஊசி குதிக்கும். 1987-ல் எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் வீட்டிலில்லாத ஒரு மாலை, பிருகாக்கள் பொழியும் ஓரிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆசைப்பட்டேன். ஊசி குதிக்கவே, பக்கத்து வீட்டு அண்ணனிடம் கற்ற வித்தையைக் கையாண்டேன்: கையின் தலைமேல் ஒரு நாலணாக் காசை வைத்தேன். குதிப்பது நின்றது. ஐந்தாவதோ ஆறாவதோ முறை, காசின் கனத்தோடு கையைப் பின்னுக்கு நகர்த்தும்போது விரல் வழுக்கியது. ஊசி பள்ளங்களின் குறுக்கே உழுதுகொண்டு போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தட்டைப் போட்டார். குறிப்பிட்ட இடம் வந்ததும் ‘டக்’ என்றது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி; அந்தக் கணக்குப் பிசகாமல் மறுபடி ‘டக்’, மறுபடி ‘டக்’. அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அந்தத் தட்டை அவர் கையிலெடுக்கக் கண்டாலே நான் படியிறங்கித் தெருவுக்குப் போய்விடுவேன்.

2009-ல் அவர் காலமானார். டர்ன்டேபிள் வாங்க எனக்கு மேலும் பத்தாண்டுகள் பிடித்தன.

அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை பல. பழைய பெட்டிப் பிளேயர்களில் இருந்தது செராமிக் வகை. பெருக்கும் கருவி அதிகம் வேண்டாத அளவு மின்சாரம் தரும். ஆனால் தட்டின்மேல் ஏறத்தாழ ஐந்து கிராம் பாரத்தை ஏற்றும். அதில் நுனியும் பெரும்பாலும் வைரமன்று, செயற்கை நீலக்கல். விரைவில் தேய்ந்து உளியாகிவிடும். கூடவே என் நாலணா. வீட்டுத் தகர டப்பாவில் கிடந்த பழைய நாலணா ஒன்றை (அதே காசு என்று சத்தியம் செய்யமாட்டேன், 2011 ஜூன் 30-க்குப் பின் அது செல்லாக்காசு) ஊசிப் பாரம் பார்க்கும் சிறு தராசில் வைத்தேன். 2.50 என்று காட்டியது. இன்று நான் மெச்சும் கார்ட்ரிட்ஜின் மொத்தப் பாரமே இரண்டு கிராம்தான்.

முதலில் வாங்கியது டென்மார்க்கின் ஆர்டோஃபான் 2எம் ரெட். 1918-ல் தோன்றிய பழைய நிறுவனம், பாரம் 1.8 கிராம். வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் அத்தனை தெளிவு. ஆனால் என் நாகஸ்வரத் தட்டில் அது தேய்மானத்தையும் தெளிவாகவே கேட்கச் செய்தது. உண்மை பேசும் தணிக்கையாளரைப் போல. மதிக்கலாம், பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அவரிடம் புதிய தட்டுகள் இருக்கின்றன.

அடுத்தது ஷூர் எம்44-7. ஸ்டீரியோவுக்கான அசையும் காந்தக் கார்ட்ரிட்ஜை 1958-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனம் ஷூர். 2018-ல் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய தட்டுக் கடைகளில் ஒன்றில் ஊசியற்ற உடல் மட்டும் கிடைத்தது. ஊசி ஜப்பானின் ஜிக்கோ செய்தது. 1873-ல் தையல் ஊசி செய்யத் தொடங்கிய தொழிலகம் அது. இன்று உலகெங்கும் அனாதைகளாய் நிற்கும் கார்ட்ரிட்ஜுகளுக்கு ஊசி செய்து கொடுக்கிறது. எம்44-7 நடன அரங்குகளில் தட்டை முன்னும் பின்னும் தேய்ப்பவர்களின் பிரியம். 9.5 மில்லிவோல்ட், முரட்டுப் பேர்வழி. ஆயினும் தவிலை அதில் கேட்கவேண்டும்! வலந்தலையில் விரற்கூடுகளின் அடி, தொப்பியில் கோலின் அடி, இரண்டும் மார்பில் வந்து விழும். நுணுக்கம் போதாது என்று சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. திருவிழாவில் நுணுக்கம் தேடுவாருண்டோ?

மூன்றாவது, ஜப்பானின் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95 வரிசை. தட்டை வெட்டும் கருவி எப்படி இரு திசையில் சாய்ந்து வெட்டுகிறதோ, அதே சாய்வில் இரண்டு காந்தங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். இதன் தனிப் பெருமை, ஒரே உடலில் பலவகை ஊசிகளை மாற்றிச் செருகலாம் என்பது. உருண்டை நுனி, நீள்வட்ட நுனி, பழைய 78 வேகத் தட்டுகளுக்கென்று தடித்த நுனி; எல்லாவற்றுக்கும் மேலாக மைக்ரோலீனியர் என்ற ஒன்று.

இங்கே சற்று நிற்கவேண்டும். 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றின் நீளம் சுமார் 90 சென்டிமீட்டர். உள்ளே முடியுமிடத்தில் 40-க்கும் குறைவு. ஆனால் இரண்டிலும் அடங்கவேண்டியது அதே 1.8 விநாடி இசை. ஆகவே உள்ளே போகப் போக நெளிவுகள் நெருக்கமாகிவிடும்; உருண்டை நுனி அவற்றினுள் இறங்கமாட்டாமல் உரசிக் கரகரக்கும். கச்சேரித் தட்டின் கடைசியில் வரும் துக்கடாவும் மங்களமும் கரகரப்பது பல சமயம் இதனால்தான். வித்வானின் தொண்டைமேல் பழி போடவேண்டாம். மைக்ரோலீனியர் நுனியோ மெல்லிய நெடுங்கோடாகப் பள்ளத்தின் சுவரைத் தொடுகிறது. அதனால் இன்னொரு நன்மையும் உண்டு: பழைய உருண்டை ஊசி தேய்த்த பட்டைக்கு மேலும் கீழும் தேயாத சுவர் மிஞ்சியிருந்தால், அதையும் தொட்டுப் படிக்க வாய்ப்பிருக்கிறது.

அந்த ஊசி வந்த அன்றிரவு நாகஸ்வரத் தட்டை நன்றாகக் கழுவி, உலரவைத்து, பாரத்தை 2.0-க்குத் திருத்திப் போட்டேன். எண்ணெயில் பொரிவது போன்ற இரைச்சல் முக்காலே மூன்றுவீசம் அடங்கியிருந்தது. சீவாளியின் ஈரம் கேட்டது. அம்மா உள்ளேயிருந்து வந்து, சுவரைப் பிடித்தபடி நாற்காலியில் அமர்ந்தாள். எழுபத்தெட்டு வயது. சற்று நேரம் கேட்டுவிட்டு, “அந்த இடம் வரப்போகிறது. உங்கப்பா இப்போ எழுந்திருப்பார்” என்றாள்.

“எதுக்கும்மா?”

“முள்ளைத் தூக்கி அந்தாண்ட வைக்கத்தான். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நீ வாசலில் நிற்பாயோ, மாடிப்படியில் நிற்பாயோ, சத்தம் உன் காதில் விழுந்துடப் போகிறதே என்று.”

“எனக்கு வேலை கிடைச்சு நான் வெளியூரில் இருந்தப்போ?”

“அப்பவும்தான். பழகிப்போச்சு அவருக்கு.”

தேய்ந்த சுவரை நல்ல ஊசி ஓரளவு ஏமாற்றிவிடலாம். குறுக்கே உழுத கோட்டை எந்த வைரமும் ஒன்றும் செய்ய முடியாது. கையைத் தூக்க எழுந்தேன். “இருக்கட்டும்டா, ஓடட்டும்” என்றாள் அம்மா. டக் என்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணினாள். மொத்தம் எட்டு. எட்டாவது முடிந்ததும், அப்பா ஊசியை இறக்குவாரே, ஏறக்குறைய அந்த இடத்திலிருந்து நாகஸ்வரம் மேலே ஏறியது.