கடல் இருக்கும் ஊரும் கடல் இருந்த ஊரும்

அரியலூர்ப் பக்கத்தில் "கடலைப் பார்த்தாயா?" என்று யாராவது கேட்டால், கொல்லையில் காய்கிற நிலக்கடலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். சமுத்திரத்துக்கும் நமக்கும் அவ்வளவு தூரம். ஏரிகள் உண்டு, மருதையாறு உண்டு, மழை பெய்தால் அதில் ஜலமும் உண்டு. தெற்கே கொள்ளிடம் இருக்கிறது. ஆனால் கடல் மட்டும் இல்லை. ஆகையால்தான் கடல் என்றால் நமக்கு ஒரு தனி மோகம்.

அந்த மோகத்தினால் சென்ற குளிர்காலத்தில் வியட்நாம் தேசத்துக்கு யாத்திரை சென்றோம். பெரம்பலூருக்கு அருகில் ஒரு கிராமத்தில் எழுபது வருஷங்களைக் கழித்துவிட்ட நம் அத்தையும் உடன் வந்தாள். ஹானோய் நகரிலிருந்து கிழக்கு நோக்கி மோட்டாரில் இரண்டரை மணி நேரம் சென்றால் ஹாலோங் வளைகுடா. அங்கே கப்பல் ஏறி, ஓர் இரவு முழுதும் கடலிலேயே தங்கி, மறுநாள் கரை திரும்புவதென்பது ஏற்பாடு.

நடுப்பகலில் கப்பல் புறப்பட்டது. அரை மணி நேரத்துக்கெல்லாம் கரை மறைந்தது. மூடுபனிக்குள்ளிருந்து மலைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மலை என்றால் சரிவும் அடிவாரமும் உள்ள மலைகள் அல்ல. கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழுந்து, தலையில் பச்சைச் செடிகளைச் சூடிக்கொண்டு நிற்கும் பாறைத் தீவுகள். சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அடியிலே அலை அரித்து அரித்து, ஒவ்வொரு தீவும் இடை சிறுத்துக் காணப்படுகிறது. பகைவரை விரட்டுவதற்காக ஒரு தாய் நாகம் தன் குட்டிகளுடன் வானிலிருந்து இறங்கி, வாயிலிருந்து மணிகளை உமிழ்ந்ததாம். அவையே தீவுகள் ஆயினவாம். ஹாலோங் என்ற சொல்லுக்கே 'இறங்கும் பறவைநாகம்' என்றுதான் பொருள்.

பகைவர் என்பதும் வெறும் கதையல்ல. இந்த வளைகுடாவை அடுத்துள்ள பாக் டாங் ஆற்றில் 1288-ஆம் ஆண்டில் மங்கோலியரின் கப்பற்படை அழிந்தது. ஆற்றின் அடியில் கூரிய மரக்கழுக்களை நட்டுவைத்து, நீர் வடியும் நேரம் பார்த்துப் பகைவரின் கப்பல்களை அவற்றின்மேல் சிக்கவைத்தார்கள். சிறிய தேசம் பெரிய சாம்ராஜ்யத்தை வென்ற கதையைக் கப்பலில் வந்த வழிகாட்டிப் பெண் சொன்னபோது, அவள் முகத்தில் நேற்று நடந்ததைச் சொல்லும் பெருமை தெரிந்தது.

மாலையில் ஒரு தீவுக்குள் இருக்கும் குகைக்கு அழைத்துச் சென்றாள். சுங் ஸோத், அதாவது 'வியப்பு', என்பது அதன் பெயர். 1901-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கண்டுபிடித்தார்களாம். உள்ளூர்ச் செம்படவர்கள் அதுவரையில் கண்ணை மூடிக்கொண்டா மீன் பிடித்தார்கள் என்று நமக்குத் தோன்றியது. ஆனால் உள்ளே நுழைந்ததும் அந்தக் குறும்பெல்லாம் அடங்கிவிட்டது. கோயில் மண்டபம் போன்ற விசாலம். மேலிருந்து தொங்கும் கல் விழுதுகள். தரையிலிருந்து எழும் கல் தூண்கள். மழை நீர் சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சொட்டி அமைத்த சிற்பங்கள் இவை.

இரவு நங்கூரம் பாய்ச்சினார்கள். சைவச் சாப்பாடு என்று கேட்டு வாங்கிய கீரையில் மீன் சாறு மணத்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து அவலையும் ஊறுகாயையும் எடுத்துவிட்டாள். பிறகு மேல்தளத்தில் உட்கார்ந்தோம். தூரத்தில் மற்றக் கப்பல்களின் விளக்குகள். அப்பால் கறுத்து நிற்கும் பாறைகள். இடையில் ஓசையற்ற நீர். அந்த அமைதியில் வழிகாட்டிப் பெண் இன்னொரு கதை சொன்னாள். இது நாகத்தின் கதை அல்ல, கல்லின் கதை.

இருபத்தைந்து கோடி வருஷங்களுக்கு முன்னர் இங்கே ஓர் ஆழமில்லாக் கடல் இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த பவளங்களும் சிப்பிகளும் அடியில் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. பின்பு அந்தக் கல் நிலமாக உயர்ந்தது. மழை அதை அறுத்து மலையும் பள்ளத்தாக்குமாக்கியது. கடைசியில் பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறியபோது, பள்ளத்தாக்குகளில் நீர் புகுந்தது, சிகரங்கள் தீவுகளாயின. இவ்வழகுக்காக 1994-லும், இந்தக் கல் சரித்திரத்துக்காக 2000-லும், இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் அங்கீகரித்தது.

நாம் மொழிபெயர்த்துச் சொல்லி முடித்தோம். அத்தை சற்று யோசித்தாள்.

"ஏம்பா, சிப்பி கல்லா ஆகிறதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம கொல்லையிலே ஏர் ஓட்டினா அதுதானே புரண்டு வருது! மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறதே, நத்தைக் கல்லு, அது என்னவாம்?"

நமக்குச் சுரீர் என்றது. அத்தை சொன்னது முற்றிலும் வாஸ்தவம்.

இந்திய நிலப்பகுதி தெற்குப் பெருங்கண்டத்திலிருந்து பிரிந்தபோது, கிழக்கே உண்டான கடல் நம் அரியலூர், பெரம்பலூர்ச் சீமைக்குள் புகுந்தது. பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்பே இங்கே அலையடித்தது. பல கோடி வருஷ காலம் அந்தக் கடல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து பின்வாங்கியது. ஹாலோங்கில் கடல் திரும்பி வந்தது. இங்கே போனது போனதுதான். ஆனால் வீட்டைக் காலி செய்தவர் சாமான்களை விட்டுப் போனதுபோல் சகலத்தையும் விட்டுப் போயிருக்கிறது. காரைக் கிராமத்துச் செம்மண் பொட்டலிலும் ஓடைகளிலும் சுருள் நத்தைகள். கல்லங்குறிச்சியில் பாளம் பாளமாகச் சிப்பிகள். வேறு இடங்களில் சுறாப் பற்கள். கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தைப் பட்டு விரித்துப் பூஜை செய்கிறோமே, அதற்குள் இருப்பதும் இந்தச் சுருள் நத்தையின் இனந்தான். நம் ஊரில் அது கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது!

1860-களிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் இப்பகுதியை அளந்து படமெழுதினார்கள். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில், பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு முழு மரமே கல்லாகிக் கிடப்பதை 1940-ல் கண்டுபிடித்தவர், பின்னால் அத்துறைக்கே தலைவராக உயர்ந்த தமிழர் எம். எஸ். கிருஷ்ணன். கடலோரத்தில் வளர்ந்து வெள்ளத்தில் வீழ்ந்த அந்த மரத்தை வேலியிட்டுக் காத்து வருகிறார்கள். வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

மற்றவை? கல்லமேட்டில் கிடைத்த ராட்சசப் பல்லியின் எலும்புகளைப் பற்றி 1987-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். உலகிலேயே மிகப் பெரிய பிராணிகளுள் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் சரிபார்க்க எலும்பு இல்லை; பொடிந்து போய்விட்டது. படமும் விவரமுமே மிச்சம். சிப்பிப் பாளங்களோ சிமெண்டாகி ஊர் ஊராகச் செல்கின்றன.

சிமெண்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இதை எழுதும் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடலின் சிப்பிகள் இருக்கக்கூடும். பல குடும்பங்களுக்கு அன்னமிடும் தொழில் அது. ஹாலோங் கரையிலுங்கூட நிலக்கரிச் சுரங்கமும் சிமெண்டு ஆலையும் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்கள் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். நாமும் ஒரு கோடு போட்டால் என்ன? வெட்டி முடித்த சுரங்கங்களில் ஒன்றின் சுவரையாவது, பள்ளிப் பிள்ளைகள் அடுக்கடுக்காகக் கடலைப் படிக்கும்படி அப்படியே நிறுத்தி வைக்கக்கூடாதா? தோண்டும்போது கிடைப்பதைப் பொறுக்கி வைக்க ஓர் ஆளை நியமிக்கக்கூடாதா?

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கடல் கடந்து கடாரத்துக்குப் படை அனுப்பிய ராஜேந்திரனின் ஊர்க்காரர்கள் நாம். கடல் கடந்து போவது நமக்குப் புதிதல்ல. போகத்தான் வேண்டும், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த விடுமுறையில் விமானச் சீட்டு வாங்குமுன், குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் சாத்தனூருக்குப் பஸ் ஏறுங்கள்.

ஊர் திரும்பிய அன்றே அத்தை கொட்டகைக் கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தாள். நத்தைக் கல்லைக் கழுவித் துடைத்துத் திண்ணை மாடத்தில் வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் கேட்டால், "இதுவா? நம்ம ஊர்ச் சமுத்திரம்" என்கிறாள்.