அத்திப்பட்டு எத்தனை அடி உயரம்?

சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிங்க. எண்ணூர் தாண்டினதும் ஜன்னல் வழியா பாருங்க. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கரன்ட் கோபுரங்கள், நடுவுல உப்பங்கழித் தண்ணி. அடுத்தடுத்து அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டுன்னு ரெண்டு ஸ்டேஷன்.

'சிட்டிசன்' (2001) படத்துல வரைபடத்துலேர்ந்தே காணாமப் போகுமே அத்திப்பட்டி... அது கற்பனை. நிஜ அத்திப்பட்டு பத்திரமா இருக்கு. ஆனா சிவில் முடிச்சிட்டு இந்தப் பக்கம் முதல் வேலைக்கு வர்றீங்கன்னா, உங்க சர்வே ஜி.பி.எஸ். கருவி இதையும் இடம் மாத்திடும்!

ஸ்டேஷன் வாசல்ல கருவியை முக்காலியில நிறுத்துங்க. உயரம் என்ன காட்டும் தெரியுமா? மைனஸ் எண்பது மீட்டருக்கும் கீழே! பயப்படாதீங்க, நீங்க மூழ்கலை. பூமியை வழவழப்பான, லேசா அமுங்கின பந்தா நினைச்சு, அந்தப் பந்தின் மேல்தோல்லேர்ந்துதான் ஜி.பி.எஸ். அளக்குது. நிஜக் கடல் மட்டம் நம்ம பக்கம் அந்தத் தோலுக்கு ரொம்பக் கீழே இருக்கு. காரணம், ஈர்ப்பு விசையின் ஏற்றத்தாழ்வு. உலகத்துலயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, சுமார் 106 மீட்டர்.

பக்கவாட்டிலும் சிக்கல் உண்டு. 1802-ல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்சார். அந்த வேலையைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், 1830-ல் இந்தியாவுக்குப் பொருந்தும் ஒரு பந்தைக் கணக்கிட்டார். நம்ம பழைய டோப்போ ஷீட் எல்லாம் அதன் மேல்தான். ஜி.பி.எஸ். பேசுவதோ 1984-ன் டபிள்யூ.ஜி.எஸ். பந்து. ஒண்ணோட எண்ணை இன்னொண்ணுல வெச்சா, நூறு மீட்டருக்கு மேல தள்ளிப் போயிடும். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான புது ஷீட்டுகள் டபிள்யூ.ஜி.எஸ்.-க்கு மாறிடுச்சு. ஆனா பழைய பிளான்கள் இன்னமும் ஆபீஸ் பீரோவில் இருக்கே!

சரி, என்ன பண்ணணும்? சைட்டைச் சுத்தி, அளவு ஏற்கெனவே தெரிஞ்ச நாலு கல்லையாவது தேடுங்க. ஒவ்வொண்ணுலயும் கருவியை நிறுத்துங்க. நகர்த்தல், திருப்பல், அளவு மாற்றம், உயரச் சாய்வு எல்லாத்தையும் சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சுக் கொடுக்கும். சாய்வுக்கு மூணு கல் போதும். நாலாவதுதான், எங்கேயாவது தப்பு இருந்தா காட்டிக்கொடுக்கும். ஏன்னா, நிரவின சதுப்பு மண்ணுல கல்லே அமுங்கியிருக்கலாம். எல்லாக் கல்லும் ஒரே பக்கம் இருந்தா எதிர்ப்பக்கம் கணக்கு கோணும்.

சில சென்டிமீட்டருக்கா இவ்வளவு பாடுன்னு கேட்கறீங்களா? இது தட்டையான பூமி. கொசஸ்தலை ஆறு எண்ணூர் கழிமுகத்தில் கலக்கிற இடம். நீங்க போடற வடிகால் அரை மீட்டர் தப்பினா, மழைத்தண்ணி கழிக்குப் போகாது, வீட்டுக்குள்ள வரும்.

அதனால, கருவியை ஆன் பண்றதுக்கு முன்னாடி, முதல்ல கல்லைத் தேடுங்க பாஸ்!